கொசோங் ஆளு, கம்மி சம்பளம், பில்லு யாரு கட்டுறா: மலேசியா பத்தி அடிக்கடி கேக்குற கேள்விங்க

மலேசியாவுல பெர்மிட் இல்லாம வேலை செய்றவங்க பத்தி பேச்சு வந்தாலே ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சிடுறோம். ஒரு பக்கம் "எல்லாரையும் புடிச்சு அனுப்பு", இன்னொரு பக்கம் "பாவம் விடுங்க". நான் கிள்ளான் பக்கம் இருக்கேன், சொந்தத்துல சாப்பாட்டுக்கடை வச்சிருக்கவங்களும் உண்டு, ஊர்ல இருந்து வந்து மாட்டிக்கிட்டவங்களும் உண்டு, அதனால ரெண்டு பக்கமும் என்கிட்ட கேக்குற கேள்விங்கள இங்க ஒண்ணா போட்டுட்டேன். வெள்ளின்னு எழுதுறது எல்லாம் ரிங்கிட்.

கொசோங்னா யாரு?

கையில செல்லுபடியாகுற பெர்மிட் இல்லாதவங்க. அரசாங்கம் "பாத்தி"ன்னு சொல்லும், பேப்பர்ல சட்டவிரோதக் குடியேறின்னு வரும், கடையில கேட்டா "அந்த பையன் கொசோங் லா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. இந்தோனேசியா, பங்களாதேஷ், மியான்மார், நேப்பாளம், பாகிஸ்தான், நம்ம தமிழ்நாடு, எல்லா ஊர்க்காரங்களும் இதுல இருக்காங்க.

மொத்தம் எத்தனை பேரு இருப்பாங்க?

ஒளிஞ்சு இருக்கவன எண்ண முடியாது, அதனால எல்லாமே மதிப்பீடுதான். 2011-ல அரசாங்கம் "6பி"ன்னு ஒரு திட்டம் போட்டு கைரேகை எடுத்தப்ப பெர்மிட் இல்லாதவங்கன்னு 13 லட்சம் பேர் பதிஞ்சாங்க. அதுக்கு பிறகு உலக வங்கி போட்ட கணக்குலயும் 12 லட்சத்துல இருந்து 15 லட்சத்துக்குள்ளதான் வந்துச்சு, அப்ப நாட்டுல மொத்த வெளிநாட்டுத் தொழிலாளிங்களே 30 லட்சத்த ஒட்டிதான். அதாவது பத்துல நாலு பேர் கொசோங். இவ்வளவு பெரிய கூட்டம் இருட்டுல கடல் தாண்டி வந்து யாருக்கும் தெரியாம வேலை செய்யுதுன்னு நம்பறவங்க கொஞ்சம் யோசிக்கணும்.

அப்ப படகுல கள்ளத்தனமா வந்தவங்க இல்லையா?

சிலர் அப்படித்தான் வர்றாங்க, இல்லேன்னு சொல்லல. தாய்லாந்த ஒட்டுன பெர்லிஸ் எல்லையில வாங் கெலியான் காட்டுக்குள்ள 2015 மே மாசம் 28 முகாமும் 139 புதைகுழியும் கண்டுபிடிச்சாங்க, ஆள் கடத்துற கும்பல் என்ன வேலை எல்லாம் பண்ணுச்சுன்னு அப்பதான் நாட்டுக்கே தெரிஞ்சது. ஆனா முறையா வந்துட்டு இங்க வந்தப்புறம் கொசோங் ஆனவங்களும் ஏராளம், இதத்தான் நம்மாளுங்க கேக்க மாட்டேங்கறாங்க.

பெர்மிட்டு ஆளோட பேர்ல இருந்தாலும் அது மொதலாளியோட கட்டிப் போட்டது. வருஷா வருஷம் ரின்யூ பண்ண வேண்டியது மொதலாளி. அவரு லெவி, அதாவது வெளிநாட்டு ஆளுக்கு அரசாங்கம் வாங்குற வரி, கட்டாம விட்டா பெர்மிட் செத்துப்போச்சு, ஆளுக்கு தெரியவே மூணு மாசம் ஆகும். சம்பளம் தரல, அடிக்கிறாருன்னு வேற இடத்துக்கு போனா "ஓடிப்போயிட்டான்"னு ஒரு ரிப்போர்ட் போதும், பெர்மிட் கேன்சல். பாஸ்போர்ட் யாருகிட்ட? அதுவும் மொதலாளிகிட்டயே. அடுத்தவன் பாஸ்போர்ட்ட புடிச்சு வச்சுக்கறது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குத்தம், ஆனா "பத்திரமா வச்சிருக்கேன்"னு சொல்லி இன்னைக்கும் லாச்சுல பூட்டித்தான் வைக்கிறாங்க. இன்னொரு வகை இருக்கு, ஒரு கம்பெனி பேர்ல கோட்டா வாங்கி ஆளுங்கள இறக்கி வேற வேற எடத்துக்கு வாடகைக்கு விடறது. பெர்மிட்ல தொழிற்சாலைன்னு இருக்கும், ஆளு ஓட்டல்ல தட்டு கழுவிட்டு இருப்பான், ரெய்டு வந்தா அவன்தான் குத்தவாளி.

2023 டிசம்பர்ல ஜொகூர் பெங்கேராங் பக்கம் நடந்தத பாருங்க. வேலை இருக்குன்னு கூட்டிட்டு வந்து வேலையே குடுக்காம விட்ட 171 பங்களாதேஷ் ஆளுங்க புகார் குடுக்கலாம்னு கூட்டமா போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போனாங்க. புடிச்சு உள்ள வச்சது அவங்களையே.

தமிழ்நாட்டுல இருந்து வர்றவங்க எப்படி மாட்டுறாங்க?

ரொம்ப பழைய ரூட்டுதான், இப்ப கொஞ்சம் ஈஸியாயிடுச்சு. 2023 டிசம்பர் 1-லேர்ந்து இந்தியர்களுக்கு 30 நாளைக்கு விசா தேவையில்ல. இது சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு. ஊர்ல ஏஜெண்டு என்ன சொல்றாருன்னா, "மொதல்ல டூரிஸ்டா போ தம்பி, போனதும் அங்க பெர்மிட் அடிச்சு தந்துடுவாங்க, மாசம் இவ்வளவு, சாப்பாடு ரூம் ஃப்ரீ". லட்சத்துக்கு மேல வாங்கிடுவாங்க, அம்மா தாலிச் சங்கிலி அடகு கடைக்கு போயிருக்கும், மீதிக்கு வட்டிக்கு வாங்கியிருப்பாங்க. இங்க வந்தா டூரிஸ்ட் பாஸ பெர்மிட்டா மாத்துறதுங்கறது சாதாரண வேலைக்காரங்களுக்கு கெடையாது. 31-வது நாள் ஆளு கொசோங், அவ்வளவுதான்.

சிலர் ஏர்போர்ட்டுலயே திருப்பி அனுப்பப்படுறாங்க, அத ஒரு வகையில அதிர்ஷ்டம்னுதான் சொல்வேன். சில பேருக்கு "இந்த கவுண்டர்ல போ, அங்க நம்ம ஆளு இருக்காரு"ன்னு சொல்லி அனுப்புறது உண்டு, இந்த கவுண்டர் செட்டிங் விவகாரத்துல 2024-ல ஊழல் தடுப்பு ஆணையம் குடிநுழைவு (இமிகிரேஷன்) அதிகாரிங்களையே கைது பண்ணுச்சு. ஆக கதவ தொறந்து விட்டது யாருன்னு கேட்டா பதில் எல்லை காட்டுக்குள்ள மட்டும் இல்ல.

முறைப்படி வர்ற வழி வேற. பத்தாவது பாஸ் பண்ணாதவங்க பாஸ்போர்ட்டு இசிஆர் வகை, அதாவது சில நாட்டுக்கு வேலைக்கு போக அரசாங்க அனுமதி வாங்க வேண்டிய வகை, மலேசியாவுக்கு வேலைக்கு வரணும்னா குடியேற்றப் பாதுகாப்பு அதிகாரி கிளியரன்ஸ் வேணும், இ-மைக்ரேட்ங்கற இந்திய அரசாங்க வெப்சைட்ல பதிவாகணும், லைசென்ஸ் உள்ள ஏஜெண்டு சர்வீஸ் சார்ஜ்னு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இங்க இருந்து மொதலாளி எடுக்குற காலிங் விசா வரணும், மெடிக்கல் பாக்கணும். ஒன்றரை லட்சம் கேக்குறாருன்னா அந்த 30,000-க்கு மேல உள்ளது எதுக்குன்னு கேளுங்க. கேட்டா கோவம் வரும், அப்ப புரிஞ்சுக்கலாம்.

கொசோங் ஆள வச்சா மொதலாளிக்கு நிஜமா எவ்வளவு மிச்சம்?

இத ஒரு நாள் பேப்பர்ல போட்டு பாருங்க. 2025 பிப்ரவரியில இருந்து குறைந்தபட்ச சம்பளம் மாசம் 1,700 வெள்ளி. வாரம் 45 மணி நேரத்துக்கு மேல போனா ஒன்றரை மடங்கு ஓ.டி. குடுக்கணும், ஒரு மணிக்கு 12 வெள்ளி 26 காசு வருது. ஓ.டி.யும் மாசம் 104 மணி தாண்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, சாப்பாட்டுக்கடையில காலையில 7 மணிக்கு வந்து ராத்திரி வரைக்கும் நிக்கிற ஆளு அத தாண்டிடுவாரு, சரி 104-ன்னே வைங்க, 1,275 வெள்ளி. ஆக சட்டப்படி அவருக்கு சேர வேண்டியது ஏறக்குறைய 3,000 வெள்ளி.

அதுக்கு மேல சேவைத் துறைக்கு வருஷ லெவி 1,850 வெள்ளி, 2018-லேர்ந்து அத மொதலாளிதான் கட்டணும், ஆள் சம்பளத்துல வெட்டக்கூடாது. அப்புறம் சொக்சோங்கற வேலை விபத்துக் காப்பீடு, மெடிக்கல், இன்ஷூரன்ஸ், 2025 அக்டோபர் சம்பளத்துல இருந்து ஈபிஎஃப்ங்கற சேமநிதிக்கு 2 சதவீதம்.

கொசோங் ஆளுக்கு இது எதுவும் இல்ல. கையில காசு, பேசுன சம்பளம் 1,500-ன்னா அதுலயும் "அட்வான்ஸ் கழிச்சுட்டேன்". லீவு இல்ல, கை வெட்டுப்பட்டா பக்கத்து கிளினிக்ல தையல் போட்டு அந்த காசயும் பிடிச்சுக்கலாம், எங்க போய் சொல்லப்போறான். மிச்சம் மாசத்துக்கு ஆயிரத்துக்கு மேல, பத்து ஆளுன்னா பத்தாயிரத்துக்கு மேல. ஒழுங்கா லெவி கட்டி ஓ.டி. குடுக்கிற கடைக்காரரு எதிர்க் கடையில டீ விலைய பாத்துட்டு எப்படிங்க நிலைப்பாரு? சட்டத்த மதிக்கிற மொதலாளியத்தான் இது மொதல்ல அடிக்குது, அப்படி கடைய மூடுனவங்க கதைய யாரும் எழுதறதில்ல.

உள்ளூர் பசங்க வேலைக்கு வரமாட்டேங்கறாங்களே, நாங்க என்ன பண்றது?

கடைக்காரங்க எல்லாரும் கேக்குறது இது, முழுசா பொய்னு தள்ள முடியாது. 2018-ல மனிதவள அமைச்சரா இருந்த குலசேகரன் ரெஸ்டாரண்டுங்கள்ல உள்ளூர் சமையல்காரங்க மட்டும்தான் இருக்கணும்னு சொன்னப்ப எவ்வளவு எதிர்ப்பு கெளம்புச்சுன்னு ஞாபகம் இருக்கும், கடைசியில அது நடக்கல. முடிதிருத்தும் கடை, துணிக்கடை, நகைப்பட்டறை மூணுக்கும் 2009-ல இருந்து புது வெளிநாட்டு ஆளு நிறுத்தி வச்சாங்க, கடைங்க திண்டாடிப் போயி 2023-ல 7,500 பேருக்கு அனுமதி குடுத்தாங்க. அதனால ஆள் பஞ்சம் இருக்குறது நெஜம்.

ஆனா "சோம்பேறிங்க"ன்னு சொல்றத மட்டும் நான் ஏத்துக்க மாட்டேன். ஜொகூர்ல விடியக்காலை 4 மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிள்ல பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்கு போறது யாரு, நம்ம பசங்கதான். அங்கயும் நிறைய பேருக்கு கிளீனிங், லோடிங், கிச்சன் வேலைதான். சம்பளம் ஒழுங்கா இருந்தா தூக்கத்த விட்டுட்டு போறான், இங்க 12 மணி நேரம் நிக்க வச்சு 1,700 குடுத்தா, அதே காசுக்கு டெலிவரி ஓட்டுறேன்னு போயிடறான். இந்த வேலைக்கு இதுதான் சம்பளம்னு யாரு முடிவு பண்ணா? எதிர்த்து பேச முடியாத ஒரு ஆளு பக்கத்துல நிக்கிறதால அந்த சம்பளம் அங்கயே நிக்குது.

இது புதுசா வந்த பிரச்சனையா?

நம்ம தமிழாளுங்களுக்கு இது புதுசே இல்ல, அதான் எனக்கு வருத்தம். நம்ம தாத்தா பாட்டிங்கள தோட்டத்துக்கு கொண்டாந்ததே மலிவுக் கூலிக்குத்தான். மொதல்ல ஒப்பந்தக் கூலி, அது 1910-ல நின்னுச்சு, அப்புறம் கங்காணி முறை, 1938-ல இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புறத நிறுத்துனப்பதான் அது ஓஞ்சது. சுதந்திரத்துக்கு பிறகும் குடியுரிமை எடுக்காம செவப்பு ஐசியோட (குடியுரிமை இல்லாதவங்களுக்கான அடையாள அட்டை) இருந்தவங்க தோட்டப்புறத்துல நிறைய. 1969 மே கலவரத்துக்கு அப்புறம் குடியுரிமை இல்லாதவங்க வேலை செய்ய பெர்மிட் வேணும்னு கெடுபிடி வந்துச்சு. இங்கயே பொறந்து வளந்து ரப்பர் பால் வெட்டுனவங்களுக்கு திடீர்னு பெர்மிட். அப்ப ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்கு கப்பல் ஏறுனதா வரலாறு எழுதுனவங்க சொல்றாங்க. பெர்மிட் இல்லாதவன்னா யாருன்னு நம்ம குடும்பங்களுக்கு தெரியாதா என்ன.

எழுபது எண்பதுகள்ல தோட்டத்துல என்ன நடந்துச்சுன்னா, நம்மாளுங்களுக்கு சங்கம் இருந்துச்சு, ஈபிஎஃப் இருந்துச்சு, மாசச் சம்பளம் வேணும்னு குரல் வந்துச்சு. தோட்ட நிர்வாகம் கான்ட்ராக்ட்காரர உள்ள விட்டாங்க, அவரு இந்தோனேசியாக்காரங்கள கொண்டாந்தாரு, பெர்மிட்டும் கெடையாது சங்கமும் கெடையாது, ஈபிஎஃப் கட்டற வேலையும் மிச்சம். 1984-ல மேடான்ல ரெண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டாங்க, ஆனா சட்டப்படி வர்றதுக்கு செலவும் நாளும் அதிகம், அதனால பின்வாசல் அப்படியே தொறந்து இருந்துச்சு. ரப்பர் போயி செம்பனை (பாமாயில் மரம்) வந்துச்சு, நிலத்த வீடமைப்புக்கு வித்தாங்க, தோட்டத்து வரிசை வீடான லயத்துல இருந்தவங்க வேலையும் வீடும் ஒண்ணா போயி பட்டணத்து ஓரம் குடிசைக்கு வந்தாங்க. "இந்தோன்காரன் வந்து கெடுத்துட்டான்"னு எங்க மாமா சாகிற வரைக்கும் சொன்னாரு. கான்ட்ராக்ட்டுல கையெழுத்து போட்ட துரையப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

நாட்டுப் பொருளாதாரத்துக்கு நல்லதா கெட்டதா, ஒரே பதில் சொல்லுங்க

ஒரே பதில் இல்ல. உலக வங்கி 2015-ல சொன்னது, சாதாரண வேலைக்கு வர்ற வெளிநாட்டு ஆளுங்க 10 சதவீதம் கூடுனா ஜிடிபி 1.1 சதவீதம் ஏறும், உள்ளூர்காரங்களுக்கு சூப்பர்வைசர், கிளார்க்னு வேலையும் கூடும், ஆனா ரொம்ப கம்மியா படிச்ச உள்ளூர்காரங்க சம்பளம் 0.74 சதவீதம் கொறையும். நாடு கூட்டுக் கணக்குல லாபம், நஷ்டம் மட்டும் குறிப்பா கீழ்த்தட்டுல இருக்கவங்க தலையில. தோட்டத்துல இருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள்ல பாதி அந்தத் தட்டுலதானே இருந்துச்சு.

இன்னொண்ணு, ஆளு மலிவா கெடைக்கிற வரைக்கும் மெஷின் யாரும் வாங்க மாட்டாங்க. செம்பனைக் குலை இன்னும் நீளக் கழியில அரிவாள் கட்டித்தான் வெட்டுறாங்க. 2020-ல எல்லைய மூடுனப்ப வெட்ட ஆளில்லாம குலை மரத்துலயே அழுகுச்சு. வெளிநாட்டு ஆளுங்கள மொத்த தொழிலாளர்ல 15 சதவீதத்துக்குள்ள வைக்கணும்னு அரசாங்கம் இலக்கு வச்சுது, புது கோட்டாவ 2023 மார்ச்ல நிறுத்துச்சு. முன்வாசல அடைச்சா பின்வாசல் ரேட்டு ஏறும், அதுக்கு என்ன வழின்னு யாரும் சொல்லல.

ஆஸ்பத்திரி, குத்தச் செயல், பிள்ளைங்க, இந்த சமூகச் செலவு?

ஆஸ்பத்திரிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். பெர்மிட் இல்லாதவங்க வந்தா போலீசுக்கோ குடிநுழைவு இலாகாவுக்கோ சொல்லணும்னு 2001-ல சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டுச்சு. அதனால காய்ச்சல் வந்தாலும் பிரசவம் வந்தாலும் கடைசி நிமிஷம் வரைக்கும் போக மாட்டாங்க. காசநோயோட ஒருத்தன் ரூம்லயே படுத்திருந்தா கூட படுத்திருக்க பத்து பேருக்கும் பரவும், அவன் பரிமாறுற கடையில சாப்பிடறது நீங்களும் நானும். கோவிட் சமயத்துல அதிகாரிங்க "பயப்படாம டெஸ்டுக்கு வாங்க"ன்னு சொல்லிட்டு 2020 மே 1-ந்தேதி கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பக்கம் சுத்தி வளைச்சு நூத்துக்கணக்குல புடிச்சாங்க, கொஞ்ச நாள்ல புக்கிட் ஜாலில் தடுப்பு முகாமுக்குள்ளயே நோய் பரவுச்சு.

பிள்ளைங்க விஷயம் இன்னும் மோசம். வேலை பெர்மிட்ல வந்தவங்க இங்க கல்யாணம் பண்ணக்கூடாதுன்னு நிபந்தனை. நிபந்தனை போட்டா மனசு கேக்குமா, சேந்து வாழறாங்க, பதிவு பண்ண முடியாது. பதிவு இல்லாத கல்யாணத்துல பொறந்த பிள்ளைக்கு அம்மா வழிதான் குடியுரிமை, அதனால அப்பா மலேசியக்காரரா இருந்தும் அம்மா வெளிநாட்டுப் பொண்ணுன்னா பிள்ளைக்கு இந்த நாட்டு ஐசி கெடையாது. ஸ்கூல்ல சேக்க அலையுவாங்க, 12 வயசுல ஐசி எடுக்கப் போகும்போது வீட்டுல அழுகைதான். இப்படி நம்ம சமூகத்துலயே இருக்கு, வெளிய பேச மாட்டோம்.

குத்தச் செயல்னு பொதுவா பேசறத நான் நம்பறதில்ல. புடிபடுறதுல நிறைய கேஸு பெர்மிட் கேஸுதான்.

புடிபட்டா தண்டனை என்ன?

ஆளுக்கு: அனுமதியில்லாம நுழைஞ்சா 10,000 வெள்ளி வரை அபராதம், 5 வருஷம் வரை ஜெயில், 2002 திருத்தத்துக்கு அப்புறம் 6 ரோத்தான் (பிரம்படி) வரைக்கும். மொதலாளிக்கு: ஒரு ஆளுக்கு 10,000-லேர்ந்து 50,000 வெள்ளி, இல்ல ஒரு வருஷம் வரை ஜெயில், அஞ்சு பேருக்கு மேல வச்சிருந்தா 6 மாசத்துலேர்ந்து 5 வருஷம், அவருக்கும் ரோத்தான் உண்டு. படிக்க நல்லாத்தான் இருக்கு. ரெய்டு படத்துல கையில விலங்கோட தரையில உக்காந்திருக்கவங்கள பாத்திருப்பீங்க, அதுல கல்லாவுல இருந்தவர எத்தனை தடவ பாத்திருக்கீங்க?

தடுப்பு முகாம்ல என்ன நடக்குதுன்னு மொதல்ல எழுதிக் காட்டுனது தெனகனித்தாங்கற தொழிலாளர் உரிமை அமைப்போட ஐரீன் பெர்னாண்டஸ் அம்மா, சுங்கை பட்டாணியில தோட்டத் தொழிலாளி வீட்டுல பொறந்தவங்க. 1995-ல அறிக்கை விட்டாங்க, 1996-ல அவங்க மேலயே கேஸு, 2003-ல ஒரு வருஷம் தண்டனை, 2008-லதான் விடுதலை. 2014-ல இறந்துட்டாங்க. முகாம நடத்துனவங்களவிட அதப்பத்தி எழுதுனவங்கதான் கோர்ட்டு படி அதிகம் ஏறுனாங்க.

எல்லாருக்கும் பொதுமன்னிப்பு குடுத்து பெர்மிட் அடிச்சுட்டா தீராதா?

குடுத்துட்டேதானே இருக்காங்க. 2011-ல 6பி, 2016-ல பெர்மிட் இல்லாதவங்கள மறுபடி வேலைக்கு பதியற ரீஹைரிங், 2019-ல 700 வெள்ளி கட்டிட்டு ஊருக்குப் போற திட்டம், 2020 கடைசியில மறுபடி பெர்மிட் குடுக்க இல்ல ஊருக்கு அனுப்ப ரெகலிபராசி, 2023-ல அதோட ரெண்டாம் பாகம், 2024-ல திருப்பி அனுப்புற திட்டம், 2025 மே மாசம் அது மறுபடி. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஏஜெண்டுங்க கவுண்டர் போட்டு காசு வாங்கிட்டு ரசீதோட நிறுத்திடறாங்க, ரீஹைரிங்ல பணத்த கட்டிட்டு பெர்மிட் வராம கொசோங்காவே நின்னவங்க எக்கச்சக்கம். பெர்மிட் மொதலாளியோட கட்டிப்போட்டு இருக்க வரைக்கும் இந்தப் பக்கம் சட்டபூர்வமாக்குனா அந்தப் பக்கம் புதுசா கொசோங் உருவாகிட்டேதான் இருப்பாங்க. வேலை மாத்திக்கிற உரிமைய ஆளு கையில குடுத்துப் பாத்தா பாதி கொறையும்னு நான் நெனைக்கிறேன், மொதலாளிமாருங்க விடமாட்டாங்க.

யாருமே மொதலாளிங்கள கேக்கலியா?

வெளியூர்காரன் கேட்டான். டாப் குளோவ்ங்கற மலேசியக் கம்பெனியோட கையுறைய 2020 ஜூலையில அமெரிக்க சுங்கத்துறை நிறுத்துச்சு, காரணம் கட்டாய உழைப்பு. இத்தனைக்கும் அங்க இருந்தவங்க பெர்மிட்டோட வந்தவங்க, ஊர்ல ஏஜெண்டுக்கு குடுத்த கடன அடைக்க முடியாம கெடந்தவங்க. கம்பெனி ஏறக்குறைய 136 மில்லியன் வெள்ளி ஏஜெண்டு காச தொழிலாளிங்களுக்கு திருப்பிக் குடுத்துச்சு, 2021 செப்டம்பர்ல தடை நீங்குச்சு. வருஷக்கணக்கா முடியாதுன்னு சொன்னது ஆர்டர் நின்னதும் முடிஞ்சிருச்சு. ஆனா ரோட்டோர ஒட்டுக்கடை, கார் வாஷ், வீட்டு வேலை இதுக்கெல்லாம் அமெரிக்கா வராது.

என் தம்பி அங்க பெர்மிட் இல்லாம இருக்கான், என்ன பண்ணட்டும்?

மொதல்ல ஏஜெண்டுக்கு இன்னொரு தடவ காசு குடுக்காதீங்க. திருப்பி அனுப்புற திட்டம் தொறந்திருக்கான்னு குடிநுழைவு இலாகாவுல விசாரிங்க, 2024-ல நேரா ஆளே போகலாம்னுதான் வச்சாங்க, ஏஜெண்டே வேண்டாம், அனுமதியில்லாம இருந்ததுக்கு 500 வெள்ளி, பெர்மிட் நிபந்தனைய மீறுனதுக்கு 300 வெள்ளி கட்டிட்டு டிக்கெட்டோட போனாங்க. பாஸ்போர்ட் இல்லேன்னா கோலாலம்பூர் இந்திய ஹைகமிஷன்ல எமர்ஜென்சி சர்டிபிகேட் வாங்கணும், அதுக்கு பழைய பாஸ்போர்ட் ஜெராக்ஸ், ஆதார், ரேஷன் கார்டு எது இருந்தாலும் வாட்ஸ்அப்ல அனுப்பி வைங்க. கையில காசே இல்லாதவங்களுக்கு அங்கயே இந்திய சமூக நல நிதின்னு ஒண்ணு இருக்கு, கேட்டுப் பாருங்க. தமிழ்நாட்டுல அயலகத் தமிழர் நலத்துறைக்கும் மனு குடுத்து வைங்க.

சம்பள பாக்கி இருந்தா கெளம்பறதுக்கு முன்னாடி தொழிலாளர் இலாகாவுல புகார் போடலாமான்னு தெனகனித்தா மாதிரி அமைப்புக்கிட்ட பேசிட்டு போகச் சொல்லுங்க, தனியா போலீஸ் ஸ்டேஷனுக்கு போக வேண்டாம். கேஸு நடக்கிற வரைக்கும் தங்க ஸ்பெஷல் பாஸ் குடுப்பாங்க, மாசம் 100 வெள்ளி, ஆனா அந்தப் பாஸ்ல வேலை செய்யக்கூடாது, சாப்பாட்டுக்கு என்ன வழின்னு அவனே பாத்துக்கணும். அதனாலதான் பாதிப் பேரு பாக்கிய விட்டுட்டு வந்துடறாங்க. சம்பளம் குடுத்த நாள், குறைச்ச காசு, மொதலாளி அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் ஃபோன்ல அழிக்காம உங்களுக்கு ஒரு காப்பி அனுப்பி வைக்கச் சொல்லுங்க, புடிச்சா மொதல்ல போறது அவன் ஃபோன்தான்.